ஒரு பொத்தானின் பெயருக்காக மூண்ட சதுரங்கப்பட்டினப் பெரும்போர்

வாழி, ஊரப்பாக்கத்து லோகநாயகி! பகலெல்லாம் நாவலூர்க் கண்ணாடிக் கோட்டையில் அயல்நாட்டு வங்கிகளுக்கு நிரல் எழுதிக் களைத்து, மாலையில் பேருந்து நெரிசலைப் பிளந்து மனைபுகுந்து, எவரும் கேளாமலே ‘கிறுக்கல்’ எனும் தமிழ் எழுதுமென்பொருளை ஆக்கி, அதன் மூலநிரலையும் உலகோர் எடுத்துத் திருத்திக்கொள்ள வாரி வழங்கி, அதுவும் போதாதென்று வாரம் ஒரு வலைப்பதிவும் எழுதிய வள்ளலே! இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில் நீ நடத்திய போரை நடுங்கும் நாவால் சொல்லப் புகுந்தோம்.

திரையில் ‘கேன்சல்’ என்னும் பொத்தானுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதே பகைக்கு வித்து. “ரத்து” என்றாள் லோகநாயகி. ரயில் ரத்தானால் ஊரப்பாக்கம் நடைமேடையே அச்சொல்லை அறியும் என்று முழங்கினாள். “அது இரவல் சொல்! ‘கைவிடு’ என்பதே தமிழ்!” என்று கல்பாக்கத்திலிருந்து சிலிர்த்தெழுந்தார் அணு ஆய்வுப் பணியாளரும் மொழிபெயர்ப்புப் பெருந்தொண்டருமான தீனதயாளன். ‘கிறுக்கல்’ ஆர்வலரின் இணையக் குழுமத்தில் மின்னஞ்சல்கள் அம்புமாரியெனப் பொழிந்தன. இருநூற்றுப் பதினோராம் அம்பு பாய்ந்த அன்று, குழுமத்தின் காவலன் செங்கல்வராயன் பொறுமையிழந்து ஆணையிட்டான்:

“ரெண்டு பேரும் நேர்ல பேசித் தொலைங்க. திங்கக்கெழம செங்கல்பட்டு ஸ்கூலுங்களுக்கு கிறுக்கல் சிடி போவுது. ஞாயித்துக்கெழமக்குள்ள முடிலன்னா இங்கிலீஷ் பட்டனே இருக்கட்டும்!”

இங்கிலீஷ் பட்டன்! ஈராண்டு உழைப்பின் நெற்றியில் அந்நிய முத்திரை! கேட்ட இருவர்க்கும் குருதி கொதித்தது. டச்சுக்காரர் விட்டுப்போன சதுரங்கப்பட்டினத்து இடிகோட்டையே களமெனக் குறிக்கப்பட்டது.

ஞாயிறு மாலை, கடற்காற்று முரசறைய, சிதைந்த மதிலின் நிழலில் தீனதயாளன் மடிக்கணினியை லோகநாயகி பக்கம் திருப்பினார். ‘கைவிடு’ பொறித்த ‘கிறுக்கல்’ சோதனைப் பதிப்பில், அச்சொல்லின் மாண்பை எட்டுப் பக்கங்களில், அவள் வருமுன் அங்கேயே இரண்டு மணி நேரம் தட்டி முடித்திருந்தார், சேமிக்கத்தான் மறந்திருந்தார்.

“படிங்க மேடம், அப்புறம் பேசுங்க” என்று கர்ச்சித்து, விசைப்பலகையில் படிந்த மணலைத் துடைக்கப் போனவரின் விரல், விதிவசத்தால், மூடும் விசையில் பட்டது. உடனே திரை கேட்டது: ‘எழுதியதைச் சேமிக்கவில்லை. மூடவா?’ கீழே இரண்டே பொத்தான்கள்: ‘மூடு’, ‘கைவிடு’.

அந்தோ! தான் வடித்த வாளையே கண்டு அஞ்சினார் அம்மாவீரர். மூடுவதைக் கைவிடத்தான் அப்பொத்தான் என்பதை மறந்து, கைவிட்டால் கட்டுரையே போய்விடுமோ என்று பதறிய விரல் ‘மூடு’ என்பதைச் சொடுக்கியது. எட்டுப் பக்கங்களும் ஒரே இமைப்பில் மாண்டன.

“ஐயோ வேணாம்! வேணாம்! வேணாம்!” என்று அலறினார்.

சிரிக்க வாய்திறந்த லோகநாயகி, அவர் கண் கலங்கியதைக் கண்டு சிரிப்பை விழுங்கினாள். பின் மெல்லக் கேட்டாள்: “சார், இப்ப இன்னா சொன்னீங்க?”

“இன்னா சொன்னேன்? வேணாம்னு…” என்றவர் பாதியில் நின்றார்.

இருநூற்றுப் பதினோரு அம்புகளும் தொடாத இலக்கை ஓர் அலறல் துளைத்ததை உணர்ந்து, எதிரெதிர்ப் படைத்தலைவர் இருவரும் மடிக்கணினியின் மேல் ஒருசேரக் குனிந்தனர்.

பொத்தானில் ‘வேண்டாம்’ என்று போட்டார்கள்.