மௌனத்தில் போட்ட பொன்னாடை

கூச்சக்காரன் கடைசி வரிசையில் இருக்கும்வரை ஒருவருக்கும் ஆபத்தில்லை. அவன் துணிந்து எழும்பும்போதுதான் பிரச்சினை. நான் ஒரே ஒரு தடவை எழும்பினேன்.

மொன்றியல் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். என் மகள் ஆரணி படித்ததோ மேற்கத்திய இசை எழுதுவதற்கு. (எங்கள் பரம்பரையில் கோயில் மணியைத் தவிர எதையும் வாசித்தவர்கள் இல்லை.) அவளுடைய மாஸ்டர் பல்கேரியாவிலிருந்து, எங்களைப் போலவே ஒற்றைப் பெட்டியோடு வந்திறங்கியவர். இந்த நகரத்தில் புது இசை எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்களாம். எல்லாருடைய இசையிலும் நடுவில் நீண்ட மௌனம் வருமாம். அது அவர் பழக்கிவிட்டது. இதை ஆரணி முன்பே சொல்லியிருந்தாள். நானும் தலையாட்டியிருந்தேன்.

ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு தேவாலய மண்டபம், ஞாயிறு பின்னேரம். ஆரணி எழுதியதை மாஸ்டரே முன்னால் நின்று நடத்துகிறார். அந்தப் பதிவைத்தான் மேற்படிப்பு விண்ணப்பத்தோடு அனுப்பவேண்டும். பதிவுக்காக இரண்டாம் தடவை வாசிக்க மாட்டார்கள்.

புறப்படும்போது மனைவி என் மடியில் ஒரு பொன்னாடையை வைத்தாள்.

"அரங்கேற்றம் எண்டால் குருவுக்குப் போடாமல் விடுவமே? நீங்கள்தான் போடவேணும். முடிஞ்ச உடன போடுங்கோ, பேந்து சனம் சூழ்ந்திடும்."

ஏழாவது நிமிடத்தில் எல்லா வாத்தியங்களும் நின்றன. மாஸ்டர் இரண்டு கைகளையும் பாதி தூக்கியபடி அசையாமல் நின்றார். (பொன்னாடைக்குக் காத்திருப்பவர் வேறு எப்படி நிற்பார்?) ஒருவரும் கைதட்டவில்லை. பிள்ளையின் இசை ஒருவருக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். மனம் பொறுக்காமல் எழும்பினேன்.

என் புதுச் சப்பாத்து ஒவ்வோர் அடிக்கும் கிறீச்சிட்டது. பின்னால் போய் அவர் தோளில் பொன்னாடையைப் போர்த்தினேன். அவருடைய வலது கை சரிகைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. வயலின் தொடங்கியது.

திரும்பி நடந்தால் மறுபடியும் கிறீச்சிடும். ஆகவே கைகூப்பியபடி அவருக்குப் பக்கத்திலேயே ஐந்து நிமிடம் நின்றேன். முன்வரிசையில் ஆரணி நிகழ்ச்சித்தாளால் முகத்தை மூடியிருந்தாள். முடிந்ததும் ஒரு வயதான பெண்மணி என் கையைப் பிடித்துப் பிரெஞ்சில் நெடுநேரம் பாராட்டினார். நன்றிக்கு மெர்சி என்றேன்.

"அப்பா, உங்களை ஆர் எழும்பச் சொன்னது?" காரில் ஆரணி கேட்டது அவ்வளவுதான்.

"முடிஞ்சுது எண்டு நினைச்சன் பிள்ளை."

பாலம் கடந்து வீடு வரைக்கும் மௌனம். அதில் நான் அசையவில்லை.

பதிவில் என் சப்பாத்து பதினான்கு தடவை கிறீச்சிட்டிருந்தது. அதை வெட்டினால் இசையும் வெட்டுப்படுமாம். ஆரணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மாஸ்டர் அழைத்து, அப்படியே அனுப்பச் சொன்னார். அந்த மௌனத்தில் ஒரு பயம் இருக்கவேண்டும் என்று இவ்வளவு காலமும் படிப்பித்தும் ஒருவருக்கும் வரவில்லையாம். அன்றைக்குத்தான் மண்டபம் முழுவதும் பயந்ததாம்.

அவளுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அந்த மௌனத்தில் ஒருவர் நடந்து வந்து நிற்கவேண்டும் என்று இசைத்தாளிலும் எழுதிவிட்டாள். மாஸ்டரின் மாணவர்கள் இன்னும் இரண்டு பேர் தங்கள் இசையில் நடை சேர்த்திருக்கிறார்களாம். நவீன இசைக்கு எங்கள் குடும்பத்தின் பங்களிப்பு அது.

போன மாதம் ஆரணியின் இசையை மறுபடியும் வாசித்தார்கள். கோட் போட்ட ஒருவர் வந்து நின்றார். சப்பாத்தில் சத்தமே இல்லை.

"உங்களை மாதிரி வரேல்லை," என்றாள் மனைவி.

எல்லாரும் எழும்பிக் கைதட்டினார்கள். நான் மட்டும் கதிரையைப் பிடித்தபடி இருந்தேன். ஆரணி குனிந்து என் தோளைத் தட்டினாள்.

"அப்பா, இப்ப முடிஞ்சுது. எழும்பலாம்."