அக்கா வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர்

லீவு இல்லை என்று பொய் சொல்வது அப்படியொன்றும் பெரிய குற்றமில்லை. ஆபீஸில் உடம்பு சரியில்லை என்றும், சொந்தக்காரர்களிடம் லீவு இல்லை என்றும் சொல்லித்தான் நம்மில் பாதிப் பேர் காலத்தை ஓட்டுகிறோம். ஆனால் யாரிடம் பொய் சொன்னோமோ அவர் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கூடாரத்தில் படுக்கிற அளவுக்கு முட்டாள்தனம் எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு வாய்த்தது.

என் அக்கா ஈஸ்வரி மார்க்கையன்கோட்டையில் இருக்கிறாள். நாலு வருடத்துக்கு முன்பு தை மாதம் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான், சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டியவன். நான் சென்னையிலிருந்து போன் போட்டு, "லீவு கிடைக்கலக்கா, புது மேனேஜர் ரொம்ப மோசம்" என்று அழாத குறையாகச் சொன்னேன். (மேனேஜர் தங்கமான மனுஷி. அந்த வாரம் அவரே லீவில்தான் இருந்தார்.) உண்மையான காரணம் சோம்பேறித்தனம். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பத்து மணி நேரம் கார் ஓட்ட வேண்டும், போய் இறங்கியதும் சித்தப்பாமார் வரிசையாக உட்கார்ந்து சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். ஆன்லைனில் ஒரு மிக்ஸியை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். சீர்த்தட்டைச் சித்தப்பா மகன் தூக்கினானாம்.

மூன்றே வாரத்தில் போனில் ஒரு விளம்பரம் வந்தது. மலையடிவாரத் தோப்பில் கூடாரத்தில் தங்கி இரண்டு நாள் இசை விழா, குழந்தைகளையும் அழைத்து வரலாம் என்று போட்டிருந்தது. படத்தில் பனிமூட்டத்துக்கு நடுவே ஒரு குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்னால் தெரிந்த மலை எங்கள் மேகமலை. நான் பிறந்து வளர்ந்த ஊரை எனக்கே விற்கிறார்கள், நானும் வாயைப் பிளந்துகொண்டு வாங்குகிறேன். தோப்பு மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் என்பது பதிவு செய்த பிறகுதான் தெரிந்தது.

என் மனைவி சுகந்தி, "மதினிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"அக்காவுக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம்? எப்படித் தெரியும்?" என்றேன். பிள்ளைகள் இயற்கையோடு வளர வேண்டும் என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். ஆதவனுக்கு அப்போது ஏழு வயது, நிலாவுக்கு நாலு.

நாங்கள் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை. குச்சனூர் சனீஸ்வரரைப் பார்க்கப் போகிற வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அதில் பாதி வண்டியில் என் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தொப்பியை மூக்கு வரை இறக்கிக்கொண்டு, மாஸ்க்கையும் மாட்டிக்கொண்டு ஓட்டினேன். சொந்த ஊருக்குள் அப்படி நுழைகிறவன் ஒன்று திருடனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் என்னைப் போல ஒரு தம்பியாக இருக்க வேண்டும்.

தோப்பில் கூடாரங்களைத் தென்னை மரங்களுக்கு நேர் கீழே வரிசையாகப் போட்டிருந்தார்கள். தேங்காய் விழும் என்று சொன்னேன். வாசலில் எங்கள் கையில் அனுமதிப் பட்டை கட்டிவிட்ட அம்மணி, "இதுவரைக்கும் அப்படி எதுவும் நடக்கலை சார்" என்றார். விழா தொடங்கி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று சுகந்தி சுட்டு எடுத்து வந்த முறுக்கை வாங்கி வைத்துக்கொண்டார்கள். (கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா அந்தம்மாவே கொறிச்சுக்கிட்டிருக்காக.) பிள்ளைகள் முகத்தில் புலியும் பட்டாம்பூச்சியும் வரைந்துவிட்டார்கள். மேடையில் ஒரு தாடிக்காரர் மூன்று மணியிலிருந்து மைக்கைப் பிடித்து "செக், செக்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "அப்பா, இவருக்குப் பாட்டு மறந்துபோச்சா?" என்று கேட்டான் ஆதவன்.

ஐந்து மணிக்கு நிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சுற்றிலும் சாக்குத் துணி கட்டியிருந்தது, உள்ளே ஒரு பலகை, பலகையில் ஓர் ஓட்டை, பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தென்னைநார்த் தூள். வேலை முடிந்ததும் தூளைப் போட்டு மூட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது, பூமிக்கு நல்லது என்று எழுதி வைத்திருந்தார்கள். நிலா ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நான் என்ன பூனையா?" என்றாள். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க மறுத்துவிட்டாள். கெஞ்சினேன், மிரட்டினேன், ஐஸ்கிரீம் தருகிறேன் என்றேன். பட்டாம்பூச்சி கண்ணீரில் கரைந்து கழுத்து வரை வழிந்ததுதான் மிச்சம்.

சுகந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மதினி வீட்டுக்குப் போங்க."

"போய் என்னன்னு சொல்றது? சின்னமனூர்ல ஏதாவது ஹோட்டல்..."

"அப்பா, வருது" என்றாள் நிலா.

நாலு பேரும் காரில் ஏறினோம். இரண்டு கிலோமீட்டரில் கதையைத் தயார் செய்தேன். திடீரென்று லீவு கிடைத்தது, சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று வந்தோம், இதுதான் கதை. டென்ட் பற்றி அத்தையிடம் மூச்சு விடக் கூடாது என்று ஆதவனிடம் சத்தியமும் வாங்கினேன். புலி தலையை ஆட்டியது.

அக்கா வாசலில் நின்று எதிர் வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். காரைப் பார்த்ததும் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். "ஏலே தம்பி, வந்துட்டியா? எக்கா, எந் தம்பி வந்திருக்கான், பிள்ளைகளோட வந்திருக்கான்" என்று தெருவுக்கே சொன்னாள். என் பொய்யை முழுசாகச் சொல்லக்கூட விடவில்லை, பாதியிலேயே நம்பிவிட்டாள். மச்சானைப் பார்த்து, "போய் ஒரு நாட்டுக்கோழி பிடிச்சிட்டு வாங்க" என்றாள். அது சனிக்கிழமை கறி எடுக்காத வீடு. மச்சான் தயங்கினார். "எந் தம்பி வந்திருக்கான். சனீஸ்வரர் கோவிச்சுக்க மாட்டாரு, போங்க" என்று விரட்டினாள்.

நிலா கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் திறந்தாள். பெயின்ட் வாடை அடித்தது. கட்டில் மெத்தைக்கு இன்னும் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. உள்ளேயே பாத்ரூம், அதில் வெஸ்டர்ன் டாய்லெட். நிலா பாய்ந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இது ஒங்களுக்குன்னு கட்டுனது" என்றாள் அக்கா. "டவுன்ல வளந்த பிள்ளைகளுக்குக் குத்தவச்சு இருக்க வராதுல்ல. ஒம் மச்சான் வீண் செலவுன்னாக, நான்தான் விடல. பால் காய்ச்சுன அன்னைக்கு வந்தவுக பூராம் தொறந்து காட்டுன்னாக. தம்பி வந்துதான் தொறக்கணும்னு பூட்டியே வச்சிருந்தேன்."

உள்ளே ஃப்ளஷ் சத்தம் கேட்டது. எனக்காகக் காத்துக் கிடந்த அறையின் திறப்பு விழா அப்படித்தான் நடந்தது.

அக்கா மெத்தை உறையைப் பிரிக்க ஆரம்பித்தாள். "ராத்திரி குளிரும், கனத்த போர்வையா எடுத்துத் தாரேன்" என்றாள். அப்போது ஆதவன் வாயைத் திறந்தான்.

"நாங்க இங்க தூங்க மாட்டோம் அத்தை. எங்க டென்ட்ல ஸ்லீப்பிங் பேக் இருக்கு. நாளைக்கு வரைக்கும் இந்தப் பட்டையக் கழட்டக் கூடாது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

அக்காவின் கை அப்படியே நின்றது. ஜன்னல் வழியாகத் தாடிக்காரர் இன்னமும் "செக், செக்" என்று சொல்லிக்கொண்டிருந்தது நன்றாகவே கேட்டது.

"அங்கனயா?" என்றாள். "மத்தியானமே வந்தாச்சா?"

நான் ஏதோ சொன்னேன். முன்பதிவு, சுகந்தியின் ஆசை, பிள்ளைகளின் ஆசை என்று எல்லார் தலையிலும் போட்டேன். சுகந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நிமிடத்திலாவது, தப்புத்தான் அக்கா என்று சொல்லி, அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்கலாம். அவள் நாலு திட்டுத் திட்டியிருப்பாள், அத்தோடு போயிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாட்ச்சைப் பார்த்தேன். ஏழு மணிக்கு மேடையில் பெரிய மியூசிக் பேண்ட். நான் பார்த்ததை அக்காவும் பார்த்தாள்.

பிரித்த உறையைத் திரும்ப மெத்தையில் மாட்டினாள். "நேரமாச்சுன்னா கிளம்புப்பா" என்றாள். அந்த 'ப்பா' விருந்தாளிகளுக்குச் சொல்வது. எனக்கு அதுவரை 'லே'தான்.

தெருமுனையில் மச்சான் காலைக் கட்டிய கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தார். கண்ணாடியை இறக்கி, "போயிட்டு வர்றோம் மச்சான்" என்றேன். அவர் கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கோழியைப் பார்த்தார்.

பெரிய பேண்ட் வந்தபோது பிள்ளைகள் இரண்டு பேரும் காரிலேயே தூங்கிவிட்டார்கள். சுகந்தி இறங்கவே இல்லை. நான் மட்டும் கூட்டத்தில் நின்று கேட்டேன். என்ன பாடினார்கள் என்று ஒரு வரிகூட நினைவில்லை. அக்காவுக்கு நினைவிருக்கலாம், அவள் வீட்டுக்கும் கேட்டிருக்குமே.

அந்தக் கோழியை அவர்கள் அடிக்கவில்லை. அது இரண்டு வருடம் முட்டையிட்டுக்கொண்டு திரிந்தது. அக்கா மகள் அதற்கு 'மாமா கோழி' என்று பெயர் வைத்தாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் மச்சான் இந்தக் கதையை எடுத்துவிடுவார். "மச்சினன் புதுவீடு பாக்க வந்தாரு. பாத்ரூம மட்டும் பாத்துட்டுப் போயிட்டாரு" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சிரித்துத்தானே ஆக வேண்டும். அக்காவும் சிரிப்பாள், அதுதான் எனக்குத் தாங்காது.

போன பொங்கலுக்கு, நாலு நாள் தங்குவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனோம். அந்த அறையில் ஒரு டீச்சர் வாடகைக்கு இருந்தார். "சும்மாதான கிடந்துச்சு" என்றாள் அக்கா. எங்களுக்கு ஹாலில் பாய் விரித்தாள். நிலாவுக்கு எட்டு வயதாகியும் வெஸ்டர்ன்தான் வேண்டும். காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் டீச்சரின் கதவைத் தட்டினேன். நல்ல மனுஷி, முகம் சுளிக்காமல் கதவை அகலத் திறந்துவிட்டார். நிலா உள்ளே போனதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த டென்ட்டுக்காரவுக நீங்கதானா சார்?" என்றார்.

ஆமாம் என்றேன்.