ஒன்பதில் நின்ற உயிர்கள்

காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. குழாயில் தண்ணீர் வந்தால்கூட இவ்வளவு கூட்டம் வராது. டாக்டர்கள் கையை விரித்த நோயாளிகளுக்கு 'ஆயுள் ஐயா' என்று ஒருவர் ஆயுள் கொடுக்கிறாராம். எதில்? சுவர்க் கடிகாரத்தில்.

சிரிக்காதீர்கள். சிரிக்காமல் முந்நூறு பேர் நின்றார்கள். நோயாளி பெயரில் ஒரு கடிகாரம் வாங்கி ஐயாவின் கூடத்தில் மாட்ட வேண்டும். அவரிடம்தான் வாங்க வேண்டும். வெளிக்கடைச் சரக்கில் உயிர் ஒட்டாதாம். கடிகாரம் ஓடும்வரை ஆள் இருப்பார். முள் தடுமாறினால் வீட்டில் குற்றம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றிலும் பெரிய குற்றம், வலிக்கு மருந்து கொடுப்பது.

"வலிதான் உயிரைக் கட்டிவச்சிருக்கிற கயிறு. மருந்து அதை அறுத்துடும்" என்பார் ஐயா. தனக்குப் பல் வலித்தபோது மட்டும் இரண்டு மாத்திரை விழுங்கினார். அது வேறு கயிறு போலிருக்கிறது.

ஆள் செத்துப்போனால்? "மருந்து குடுத்தீங்களா?" என்று ஒரே கேள்வி. துடிக்கிறவருக்கு ஒரு சொட்டாவது கொடுக்காத வீடு ஏது? அழுதுகொண்டே இவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த வரிசையில் ஒரு மகள். அவளுடைய அப்பாவுக்கு வயிற்றில் வந்த புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது. "இனிமே குணமாக்க முடியாதும்மா. ஆனா வலியில்லாம வச்சுக்கலாம், வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க" என்று டாக்டர் ஒரு படிவம் கொடுத்தார். மகள் அதை மாவு டப்பாவுக்கு அடியில் சொருகினாள். கையெழுத்துப் போட்டால் அப்பாவைக் கைவிட்டதாக ஆகிவிடுமாம். நர்ஸ் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் வாசலோடு சரி. அப்பா பெயரில் கடிகாரம் மட்டும் ஐயாவின் கூடத்தில் மாட்டியாயிற்று.

பாவம், அவள் ஒன்றை மறந்துவிட்டாள். அப்பா நாற்பத்திரண்டு வருடம் கடிகாரம் ரிப்பேர் பார்த்தவர்.

"அப்பா, உங்க முள்ளு தடுமாறுது. நர்ஸை உள்ள விட்டியான்னு ஐயா திட்டுறார்."

ரிப்பேர்க்காரர் அவள் பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்கே நெற்றி வேர்த்துக் கொட்டியது.

"நொடி முள்ளு எந்த நம்பர்கிட்ட தடுமாறுது?"

"ஒன்பதுகிட்ட. அங்கயே துடிக்குது, மேல ஏற மாட்டேங்குது."

"மத்ததெல்லாம்?"

மகள் யோசித்தாள். "தடுமாறுறது எல்லாமே... ஒன்பதுலதான்பா."

ரிப்பேர்க்காரர் சிரித்தார். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. வலி வந்து பாதியில் முறித்தது. "மாப்பிள்ளையைக் கூப்பிடு. என்னை நாற்காலியோட தூக்கி வண்டியில வைக்கச் சொல்லு."

"ஐயோ, அசையக்கூடாதுப்பா!"

"அசையாம இருந்தா மட்டும் இனிக்குதா? கேளு. அந்த ஆளு சொல்றது நெசம்னா, உயிர் போனாலும் உங்கிட்ட மருந்து கேக்க மாட்டேன். பொய்னா இன்னைக்கே நர்ஸ் வரணும். சரியா?"

மகள் தலையாட்டினாள். மருமகன் முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துக் கூட்டிப்போனார்.

கூடம் முழுக்கக் கடிகாரம். நடுவில் தங்க நிறச் சட்டத்தில் ஐயாவின் சொந்தக் கடிகாரம், ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ரிப்பேர்க்காரர் தன்னுடையதை இறக்கி மடியில் வைக்கச் சொன்னார்.

"தொடாதே! உயிர் போயிடும்!" என்று ஐயா அலறினார்.

"போனா என்னோடதுதானே, உனக்கென்ன?" என்று பின்பக்கம் திறந்து பேட்டரியை உருவினார்.

முள் நின்றது. கூடமே மூச்சை அடக்கிக்கொண்டது. ரிப்பேர்க்காரர் தலை சாய்ந்தது.

"போயிட்டார்!" என்று ஒருவர் கத்தினார்.

"கழுத்து வலிக்குதுப்பா, சாஞ்சேன்" என்றார் செத்தவர். "ஒரு டீ கிடைக்குமா?"

டீ வந்தது. பாதி குடித்தார். கால் மணி நேரம் போயிற்று. முள் நின்றே இருந்தது, ஆள் பேசிக்கொண்டே இருந்தார்.

"மாப்பிள்ளை, இந்தப் பேட்டரியை ஐயாவோட தங்கக் கடிகாரத்துல போடுங்க. எல்லாரும் பாருங்க. பன்னிரண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் முள்ளு இறங்குது, சிரமமில்ல. அப்புறம் ஏறணும். ஒன்பதுல படுத்தமாதிரி நிக்கும்போதுதான் தூக்கறதுக்குக் கனம் ஜாஸ்தி. செத்துப்போற பேட்டரி அங்கதான் திணறும்."

ஐயா பாய்ந்து வந்து தடுக்கப் பார்த்தார். வரிசையில் நின்ற கொத்தனார் அவர் தோளில் கையைப் போட்டார். கொத்தனார் கை; ஐயா அப்படியே நின்றுவிட்டார்.

மருமகன் பேட்டரியை மாற்றினார். கூட்டம் எண்ணியது. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பதில் முள் துடித்தது. துடித்துக்கொண்டே நின்றது.

"ஐயாவுக்கு ஆயுள் முடிஞ்சுது!" என்றாள் ஒருத்தி. "யாருப்பா இவருக்கு மருந்து குடுத்தது?"

யாருடைய கடிகாரம் எப்போது திணற வேண்டும் என்பதை ஐயா முடிவுசெய்தது, மேசை இழுப்பறையில் ஒரு டப்பா நிறைய இருந்த தீரப்போகும் பேட்டரிகளை வைத்துத்தான். கூட்டம் அதைக் கொட்டிப் பார்ப்பதற்குள், ஆயுள் முடிந்த ஐயா பின்வாசல் வழியாக நல்ல ஆரோக்கியத்துடன் ஓடிக்கொண்டிருந்தார்.

கூட்டம் என்ன செய்தது தெரியுமா? ரிப்பேர்க்காரர் காலில் விழுந்தது! "நீங்களே எங்களுக்கு ஒரு பேட்டரி போட்டுக் குடுங்கய்யா!"

"எந்திரிங்க, அறிவுகெட்டதுகளா! எனக்கு முதுகு வலிக்குது, வீட்டுக்கு விடுங்க."

மத்தியானம் நர்ஸ் வந்தார். மகளிடம் கேட்கவில்லை, அவரிடமே கேட்டார்.

"எங்கய்யா வலிக்குது? உங்களுக்கு என்ன வேணும்?"

"முதுகுல. ஆஸ்பத்திரி இனி வேண்டாம். கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொல்லுங்க."

மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இந்த மருந்தைக் குடுத்தா சீக்கிரம் போயிடுவாரா?"

"நாங்க சொல்ற அளவுல குடுத்தா போகமாட்டார்மா. கொண்டுபோறது நோய். வலி வந்ததுக்கப்புறம் ஓடாதீங்க, நேரம் தவறாம குடுங்க. சந்தேகம்னா எந்த நேரமும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க."

படிவத்தில் ரிப்பேர்க்காரரே கையெழுத்துப் போட்டார். அன்று நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியில் சத்தம் கேட்காமல் அழுதாள்.

ஏழு வாரம் கழித்து அவர் போய்ச் சேர்ந்தார். பேட்டரியை உருவியதால்தான் போனார் என்று சொல்ல இன்னமும் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஏழு வாரம் எங்கே போய்ச் சுற்றிவிட்டு வந்ததாம் அந்தச் சாவு?

உங்கள் வீட்டிலும் ஒருவர் படுத்திருக்கலாம். வரிசையில் போய் நிற்பதற்கு முன்னால் அவரிடம் போய் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு வாய் இருக்கிறது. யோசிக்க உங்களுக்குத் தலை இருக்கிறது. கண்டவன் காலில் வைப்பதற்கு மட்டும் அது முளைக்கவில்லை.