அரிப்பில் எல்லாருக்கும் ஐம்பத்தாறு

"ஐம்பத்தாறு" என்று அருளப்பு சொன்னபோது ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார் யோசேப், பெயர்ப்பதிவு இடாப்பிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போன வருடமும் ஐம்பத்தாறு, அதற்கு முந்தின வருடமும் ஐம்பத்தாறு. ஆளுக்கு உண்மையில் முப்பத்தெட்டு வயது. தலையில் நரைக்குப் பதிலாக அடுப்புச் சாம்பல்.

எல்லாம் தெரு வரியால் வந்த வினை. வெள்ளைக்காரக் கவர்மெண்டுக்கு றோட்டு வேண்டும், ஆனால் கையை விட்டுச் சல்லிக்காசு போகக் கூடாது. ஆகவே பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆம்பிளைகள் வருடம் ஆறு நாள் கல் உடைக்க வேண்டும். இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். அதனால் அரிப்புக் கிராமத்தில் வாலிபர்களே கிடையாது. ஊர் முழுக்கக் கிழவர்கள். பிள்ளைகள் மட்டும் வருடந்தவறாமல் பிறந்துகொண்டிருந்தன.

மாசி மாதம் விதானையார் பறை அடிப்பித்தார். "இந்த முறை முத்துக்குளிப்பு இருக்கு. ஐம்பத்தைஞ்சு தாண்டின ஒருத்தரும் கடலில இறங்கப்படாது. கவர்மெண்டுக் கந்தோர்க் கட்டளை!"

ஏழு வருடத்துக்குப் பிறகு வருகிற முத்துக்குளிப்பு. அதில் கிடைப்பதைக் கொண்டு சொந்தமாக ஒரு வள்ளம் வாங்குவதாக மனைவி மதலேனாவுக்கு அருளப்பு வாக்குக் கொடுத்திருந்தான். இன்னும் எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போவது?

தலையிலிருந்த சாம்பல் போக முழுகிவிட்டு விதானையாரிடம் ஓடினான்.

"விதானையார், எனக்கு முப்பத்தெட்டுத்தான்."

"இடாப்பில ஐம்பத்தாறு எண்டெல்லோ கிடக்கு."

மதலேனாவைக் கூட்டிவந்தான். "ஓம், இவருக்கு முப்பத்தெட்டுத்தான்" என்றாள் அவள்.

"போன வருசம் நீரெல்லோ பிள்ளை, 'பாவம், வயசுபோன மனுசன், இருமி இருமிச் சாகுது' எண்டு அழுதனீர்?"

மதலேனா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கடைசியில் கோயில் சுவாமியாரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஞானஸ்நானப் புத்தகத்தையே தூக்கிவந்தான். முப்பத்தெட்டு வயது என்பது அதில் தெளிவாக இருந்தது. இரண்டு பக்கம் தள்ளித் தம்பி பெனடிக்றும் இருந்தான்.

"பெனடிக்ற் அறுபது எண்டு தந்தவர். உமக்கு இளையவரோ?"

"ஐயோ, அவனை விடுங்கோ!"

"ரெண்டு பேருக்கும் மூண்டு வருசப் பாக்கி. ஆளுக்குப் பதினெட்டு நாள். கல்லை உடைச்சிட்டு வாங்கோ, இடாப்பைத் திருத்தித் தாறன்."

முருங்கன் றோட்டில் அண்ணனும் தம்பியும் கல் உடைத்தார்கள். பதினெட்டு நாளும் பெனடிக்ற் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிப் பார்த்தால் ஊர்க் கிழவர்கள் அத்தனை பேரும் சம்மட்டியோடு நின்றார்கள். ஒருவருக்கும் ஒரு நரைமயிர் இல்லை.

பத்தொன்பதாம் நாள், கை நிறையக் கொப்புளத்தோடு அருளப்பு கரைக்கு ஓடி வள்ளத்தில் ஏறினான். அங்கே எருக்கலம்பிட்டி ஊரிலிருந்து வந்த முஸ்லிம் பெரியவர் சரிபுதீன் காக்கா பொக்கை வாயைத் திறந்து சிரித்தபடி, முத்துக் குளிக்க இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அருளப்புவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"காக்கா, உங்களை எப்பிடிப் பதிஞ்சவை? வயசுக் கட்டளை இருக்கெல்லோ?"

"எனக்கு எழுபத்திரண்டு, கந்தோரில ஒருத்தரும் வயசே கேக்கேல்ல தம்பி. அது றோட்டுக்கு ஆள் பிடிக்க உங்கட விதானையார் எடுத்துவிட்ட கதையெல்லோ!"