பல் டாக்டரின் வால்வு செட்

"இது ரேடியோவா, பீரோவா?" என்றாள் மனைவி.

பல் டாக்டருக்கு மூச்சு வாங்கியது. கூடவே தூக்கி வந்த வேன்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஹாம் ரேடியோ. வீட்டுலேர்ந்தே முகம் தெரியாதவங்களோட பேசலாம். குரலை அப்படியே அனுப்பற ஏ.எம்.ல பேசணும்னா பழைய வால்வு செட்டுதான். குரல் அப்படியே குழையும்!"

"போன மாசம் ஒண்ணு வாங்கினீங்களே?"

"அதுல நான் பேசினா கிணத்துக்குள்ளேர்ந்து கத்தற மாதிரி இருக்காம். அதான் யாரும் பதில் சொல்லல. கடைக்காரர் சொன்னார்."

பாவம், அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். பகலெல்லாம் பேசுகிறார், எதிரே நாற்காலியில் இருப்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு "ஆ... ஆ..." என்கிறார்கள். வீட்டில் பேசினாலோ மனைவி "ம்" என்பதோடு சரி.

மாலையில் செட்டைப் போட்டார். "யாராவது இருக்கீங்களா?"

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டாள். ரேடியோ வெறுமனே இரைந்தது.

"குரலை ஏத்திவிடற மாடுலேட்டரைப் பெருசாக்குங்க சார்," என்றார் கடைக்காரர்.

பெரிதாக்கினார். அவர் வாயைத் திறந்தால் கட்டிடத்து விளக்கெல்லாம் மங்கியது. பதில் மட்டும் இல்லை.

"அப்ப ஆண்டெனாவை உசத்துங்க."

மொட்டை மாடியில் உயர்த்திக் கட்டினார். குறுக்கே இருந்த கொடி அறுந்து மூன்று வீட்டுத் துணி தெருவில் கிடந்தது. அப்போதும் ஈ காக்கைகூடப் பேசவில்லை.

கேட்க ஆளில்லை என்று ஆனபிறகு டாக்டருக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். அன்று பிடுங்கிய கடைவாய்ப்பல், பெண் பார்க்கப் போன நாளில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனது, மனைவியிடம் நேரில் சொல்ல வராத அன்பு, எல்லாமே காற்றில் போனது.

ஒரு நாள் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "டாக்டர், உங்க குரல் எங்க டி.வி.ல வருது!"

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்பலேர்ந்து?"

"ஆண்டெனா கட்டினதுலேர்ந்து தினமும். சீரியலையே அமுக்கிடுது."

"எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா?"

"சட்டையைத் திருப்பிப் போட்டது வரைக்கும்."

மானம் கப்பலேறிவிட்டது. "மன்னிச்சிடுங்கம்மா. இதை நாளைக்கே வித்துட்டு சின்னதா, ஏ.எம். இல்லாத புது செட் வாங்கிடறேன். அது உங்க டி.வி.ல வந்தாலும் வாத்து கத்தற மாதிரிதான் இருக்கும். ஒரு வார்த்தை புரியாது."

"ஐயையோ, வித்துடாதீங்க! நடக்கப் போறேன்னு கிளம்பி உங்க வீட்டம்மா எங்க வீட்டுலதான் வந்து உக்கார்றாங்க. நீங்க ஒண்ணொண்ணு சொல்றப்பவும் எங்க டி.வி.யைப் பார்த்துப் பதில் சொல்லிட்டிருக்காங்க!"