மிளகுக்கு வெயில், சிவமணிக்குத் தென்றல்

இந்தக் குளிர்காலத்திலும் வாயைத் திறந்து "குளிருது" என்று சொல்வதில்லை என்று சிவமணி சபதம் எடுத்தான். எடுக்கும்போதே பல் தந்தியடித்தது. ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் புறநகர் கிரெய்கிபர்னில், ஜூன் மாதம் என்றால் நடுக்குளிர். உடம்பில் ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட், தலையில் குரங்குக் குல்லா, மடியில் லேப்டாப். மேசை இருக்கும்போது மடியில் எதற்கு என்று கேட்காதீர்கள். அது சுடும்.

எல்லாம் அவனே இழுத்துவிட்டுக்கொண்டது. வீடு கட்டும்போது மனைவி லக்ஷ்மிப்ரியா படித்துப் படித்துச் சொன்னாள், "உங்க ஆபீஸ் ரூமை வடக்குப் பக்கம் வச்சுக்கோங்க, இந்த ஊர்ல வெயில் வடக்கேயிருந்துதான் வரும்" என்று. கேட்டானா? பில்டர் முன்னால் நின்று ஒரு சொற்பொழிவே நடத்தினான். தெற்கு ஜன்னலில் தென்றல் வரும், தமிழனுக்குத் தென்றலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அந்த அறைக்கு ஹீட்டர் குழாய்கூடத் தேவையில்லை என்றான். பில்டருக்கென்ன, ஒரு குழாய் மிச்சம். மதுரையில் தெற்கேயிருந்து வருவது தென்றல். மெல்பர்னில் தெற்கே இருப்பது அண்டார்டிகா. இது முதல் குளிர்காலத்தில்தான் அவனுக்கு உறைத்தது. உறைத்தது என்ன, உறைந்தே போனான்.

அன்று முதல் லக்ஷ்மிப்ரியா கதவருகே வந்து ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"என்னங்க, குளிருதா?"

"சேச்சே! ஜிலுஜிலுன்னு நல்லா இருக்கு."

"மூக்கு சிவந்திருக்கே?"

"அது வெயில்ல போனதால."

"எந்த வெயில்?"

உடனே லேப்டாப்பில் தலையைப் புதைத்துக்கொள்வான். கடைக்குப் போய் ஒரு சின்ன ஹீட்டர் வாங்கி வரலாம். வாங்கி வந்தால் தென்றல் கட்சி தோற்றது ஊருக்கே தெரிந்துவிடும். ஆண் பிள்ளை, அதுவும் சொற்பொழிவு ஆற்றிய ஆண் பிள்ளை, அதை எப்படிச் செய்வான்?

இந்த நேரத்தில்தான் மகள் பிரவீணா பச்சோந்தி வேண்டும் என்று ஆரம்பித்தாள். கடையில் விசாரித்தால் இந்த நாட்டில் பச்சோந்தியை வீட்டில் வளர்க்க அனுமதியில்லை, வேண்டுமானால் இந்த மண்ணிலேயே பிறந்த தாடி ஓணான் குட்டி வளர்க்கலாம் என்றார்கள். ஓணானா, நம் ஊரில் மதில் மேல் ஓடுவதைக் காசு கொடுத்து வாங்குவதா என்று லக்ஷ்மிப்ரியா சீறுவாள் என்று சிவமணி எதிர்பார்த்தான். "வாங்கிட்டாப் போச்சு" என்றாள் அவள். அவள் இவ்வளவு சுளுவாக ஒத்துக்கொண்டால் எங்கேயோ இடிக்கிறது என்று அவன் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கும் இடத்தில்தான் குல்லா இருந்ததே.

கடைக்காரப் பெண் பொறுமையாக விளக்கினாள். குட்டிக்குச் சூடு முக்கியம். அதை வைக்கும் கண்ணாடித் தொட்டியின் ஒரு கோடியில் வெள்ளை வெளிச்சமாக ஒரு சூட்டு பல்பு. வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதாக் குழல் விளக்கு ஒன்று, நடுவில் கண்ணாடி மறைக்கக் கூடாது. மற்றக் கோடி ஆறியே இருக்கட்டும். ராத்திரியானால் எல்லா விளக்கையும் அணைத்துவிட வேண்டும்.

சூடு என்ற சொல் காதில் விழுந்ததும் சிவமணியின் மூளையில் பல்பு எரிந்தது. ஆஹா! ஓணான் பேரைச் சொல்லி அறையைச் சூடாக்கிவிடலாம்!

"இருக்கறதுலயே பெரிய பல்பு எது?"

"உங்க தொட்டி எவ்வளவு பெருசு?"

"பத்தடிக்குப் பத்தடி."

"தொட்டியா சார்?"

"இல்ல... தொட்டி சின்னதுதான்."

"அப்ப இது வேண்டாம். குட்டி வெந்துபோயிடும்." அவள் சின்ன பல்பு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதோட சூடு ஒரு நாற்காலி தூரத்துக்கு வருமா?"

"நாற்காலியில யார் உக்காரப் போறா?"

சிவமணி பெட்டியில் இருந்த எழுத்துகளை மும்முரமாகப் படிக்கத் தொடங்கினான். லக்ஷ்மிப்ரியாவோ பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலை பார்ப்பவள். சூட்டைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"குளிர்ந்துச்சுன்னா நாம தூக்கி வெளிச்சத்துல வைக்கணுமா?"

"வேண்டாம் மேடம். சூடான இடத்தை ரெடி பண்ணி வச்சுட்டு நீங்க சும்மா இருங்க. குளிர்ந்தா அதுவே நகர்ந்து வரும்."

லக்ஷ்மிப்ரியா தலையாட்டிக்கொண்டாள். சிவமணி அதைக் கவனிக்கவில்லை.

தொட்டியைத் தூக்க உதவிக்கு வந்தவர் பக்கத்து வீட்டு அருந்தவன், யாழ்ப்பாணத்துக்காரர். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது எங்கட வேலியில திரியிற ஓணான் எல்லோ?"

"இது தாடி ஓணான் அண்ணே. பேரு மிளகு" என்றான் சிவமணி.

"ஓம், இதுக்கு ரெண்டு லைட்டோ! நான் இந்த நாட்டில வந்து இறங்கேக்க எனக்கு ஆர் லைட் போட்டவை?" என்று தொட்டியைத் தூக்கினார். "எங்க வைக்கிறது?"

"என் ரூம்லதான்" என்றான் சிவமணி.

"உங்க ரூம்லயா?" என்றாள் லக்ஷ்மிப்ரியா. "தென்றல் அடிக்குமே, குட்டிக்கு ஆகுமா?"

"லைட் இருக்குல்ல. நான் பாத்துக்கறேன்."

"சரிங்க."

மறுபடியும் சுளுவாக ஒரு சரி.

முதல் நாள் சொர்க்கம். சிவமணி நாற்காலியைத் தொட்டியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டான். இரண்டாம் நாள், பல்பை இப்படி ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், சாய்த்தால் பாதம் வரை சூடு வருமே என்று தோன்றியது. சாய்த்தான். வந்தது. கண் சொக்கியது.

"என்னங்க, கையைத் தொட்டிமேல வச்சிருக்கீங்க? குளிருதா?"

"மிளகுக்கு வெளிச்சம் கூசுதான்னு பாக்கறேன்."

மிளகு அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடந்தது. மறுநாள் அதன் உடம்பு குளிரில் கறுத்துப்போயிருந்தது. பூச்சியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. விரல் நீளக் குட்டி, அடுப்புக் கரி மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததைப் பார்த்ததும் சிவமணி தலையில் அடித்துக்கொண்டான். பாவி, உன் பாதத்துக்காக ஒரு பச்சைப் பிள்ளையை இப்படிப் பண்ணிவிட்டாயே! பதறிப்போய்ப் பல்பை நிமிர்த்தி வைத்தான். மிளகு மெல்ல ஊர்ந்து வெளிச்சத்தடியில் படுத்தது. அப்படியும் கறுப்பு போகவில்லை.

லக்ஷ்மிப்ரியா தெர்மாமீட்டரோடு வந்தாள். சூட்டுக் கோடியில் ஒன்று, ஆறிய கோடியில் ஒன்று. பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"பல்பு மேல தப்பில்ல. ரூம்ல சூடு நிக்க மாட்டேங்குது."

"பெரிய பல்பா போட்டா?"

"பக்கத்துல போனா வெந்துடும், தள்ளிப் போனா விறைச்சுடும். ஏங்க, இந்த ரூம் குளிருமா என்ன? நீங்கதான் ஜிலுஜிலுன்னு இருக்குன்னீங்க."

பிரவீணா அப்பாவைப் பார்த்தாள். மிளகு ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது. சிவமணி சபதத்தை விழுங்கினான்.

"குளிருது."

"என்னது?"

"ரூம் குளிருதுங்கறேன்! பாழாப்போன ரூம்! பிள்ளையை எடுத்துட்டுப் போ, பிழைச்சுக்கட்டும்!"

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தான். சிரிக்கவில்லை. அருந்தவனைக் கூப்பிட்டாள். தொட்டி, பல்பு, குழல் விளக்கு எல்லாம் வடக்கு அறைக்குப் போயின. பிரவீணாவும் பின்னாலேயே போனாள். "நீங்களும் வாங்களேன்" என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யாரும் சொல்லவில்லை.

சிவமணி தனியாக உட்கார்ந்திருந்தான். தென்றல் ஜன்னல் இடுக்கில் விசிலடித்தது. எதிர் அறையிலிருந்து பிரவீணாவின் குரல் கேட்டது: "அம்மா, கலர் திரும்பிடுச்சு! பூச்சி சாப்பிடுது!" அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கூடவே கால் விரல்கள் எங்கே என்று தெரியவில்லை. வேலை செய்வதுபோல் பாவனை செய்தான். தும்மினான். குட்டியை ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தால் என்ன? பார்ப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. பார்க்கப் போகும்போது லேப்டாப்பை எடுத்துப்போனால் நேரம் வீணாகாது. அப்படியே சார்ஜரையும்.

வடக்கு அறையில் வெயில் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. மிளகு பல்புக்குக் கீழே பொன் நிறமாகப் படுத்து வாயைத் திறந்து காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் துடைத்து வைத்த ஒரு மேசை. நாற்காலி, அதன்மேல் மெத்தை. காலடியில் கம்பளி விரிப்பு. மேசை மேல் ஆவி பறக்கும் காபி, ஒரே ஒரு டம்ளர்.

"அம்மா, அப்பா வந்தாச்சு!" என்று கத்தினாள் பிரவீணா.

சமையலறையிலிருந்து லக்ஷ்மிப்ரியாவின் குரல் நிதானமாக வந்தது.

"நான்தான் சொன்னேன்ல, தூக்கியெல்லாம் வைக்க வேண்டாம்னு. குளிர்ந்தா அதுவே நகர்ந்து வரும்."