புகைச்சல் அண்ணை சதுப்புக்குப் போன நாள்

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்கள் தமிழ்ச் சனத்தில் யாருக்காவது நல்லது நடந்ததா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் வெகுகாலம் ஒரே மனிதரிடம் இருந்தது. அவர் புகைச்சல் அண்ணை. நீங்கள் கார் வாங்கலாம், வீடு வாங்கலாம், மகளை மருத்துவம் படிக்க அனுப்பலாம். அவர் நின்று பார்த்து, மேலுதட்டை மடித்து, தலையை மெல்ல ஆட்டி, "குடுத்து வைச்சனியள்" என்று சொல்லும்வரை அது கணக்கில் சேராது.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். நானும் அவரும் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலையில் அதை யாரும் கேட்டதில்லை. தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்து பார்த்தபோது தன் கல்யாண வயது தாண்டிவிட்டதால் தனியாகவே இருந்தார். பொறாமைப்படுவதில் மட்டும் அவருக்கு அலுப்பே கிடையாது. கூட வேலை செய்த ஒருவன் சைக்கிளால் விழுந்து கையை முறித்துக்கொண்டான். பார்க்கப் போனோம். கட்டுப் போட்ட கையை அண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"விழுந்தாலும் இடக்கையை எல்லோ முறிச்சிருக்கிறான். அதுக்கும் ஒரு ராசி வேணும்" என்றார்.

கீழ்வீட்டு ஜெர்மன் அம்மாவின் நாய்க்குப் பாஸ்போர்ட் இருப்பது தெரிந்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு செத்தவீட்டில் கூடியிருந்த சனத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு இப்பிடி வருமே?" என்று என் காதுக்குள் கேட்டார். பெட்டிக்குள் கிடந்தவருக்குக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஏனென்றால் அண்ணையின் புகைச்சலில் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. கண்ணூறு என்று பயப்படுவதை விட்டு, புதுக் கார் எடுத்தவர்கள் கோயிலுக்குப் போகும்போது வழியை மாற்றி அவர் வீட்டு வாசலால் போனார்கள்.

இவ்வளவு தாராளமான மனிதர் என்னைப் பார்த்து மட்டும் ஒருநாளும் பொறாமைப்படவில்லை.

நான் வீடு வாங்கினேன். வந்தார், அறைகளைப் பார்த்தார், ரோல்ஸ் சாப்பிட்டார், "நல்லது தம்பி" என்றார். வேலையிடத்தில் என்னை ஷிஃப்டுக்குப் பொறுப்பாக்கினார்கள். "அப்பிடியே? நல்லது." நாய்க்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த "நல்லது" என் நெஞ்சில் மீன்முள் மாதிரிக் குத்திக்கொண்டிருந்தது. "அந்த மனிசன் எரிஞ்சாத்தான் உங்களுக்கு அடுப்பெரியுமோ?" என்று என் மனைவி சுகந்தி கேட்டாள். அவளுக்கு விளங்காது.

அப்போதுதான் எங்கள் தொழிற்சாலைத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வடக்கே ஒரு பழைய சிறு நகரத்துக்கு ஒருநாள் சுற்றுலா போனோம். ஜெர்மன்காரர் 'மூர்' என்று சொல்லும் சதுப்புநிலம் அதைச் சுற்றிலும் கிடந்தது. செங்கல் தேவாலயம், மரச்சட்டம் போட்ட சாய்ந்த வீடுகள், ஒரு சின்ன மியூசியம். இந்தப் பயணத்துக்காகவே தண்ணீர் புகாத மலையேறும் சப்பாத்துச் சோடி ஒன்று வாங்கியிருந்தேன். ஒஸ்னாப்ரூக்கில் ரயில் மாறுவதற்குள் அண்ணைக்கு முன்னால் இரண்டு மூன்று தடவை குனிந்து அதன் கயிற்றைக் கட்டினேன். அவர் யன்னலால் வயலில் நின்ற ஒரு மின்சாரக் காற்றாடியைப் பார்த்து, "வேலையில்லாட்டிலும் நிண்டு சுத்துது. குடுத்து வைச்சது" என்றார்.

மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், சதுப்பில் கண்டெடுத்த ஒரு மனித உடல் இருந்தது. கறுத்துச் சுருண்டிருந்தாலும் தோலும் நகமும் செம்பட்டைத் தலைமுடியும் அப்படியே இருந்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியவர் என்றாள் வழிகாட்டிப் பெண். சதுப்புத் தண்ணீரின் புளிப்பு எதையும் அழுக விடாதாம். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணை கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். மேலுதடு மெல்ல மடிந்தது.

"தலைமயிரைப் பாரும் தம்பி. எனக்கு முப்பத்தஞ்சிலயே கொட்டிப் போட்டுது."

"அண்ணை, அது செத்த ஆள்."

"செத்தென்ன? இரண்டாயிரம் வருசமா நிம்மதியாப் படுத்திருக்கிறான். டெர்மின் எண்டு நேரம் குறிச்சு ஒருத்தரும் கூப்பிடேல்லை. ஒரு கந்தோரில இருந்தும் கடிதம் வரேல்லை."

தலையை ஆட்டினார். அந்தப் பிணத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் நீங்கள் என்னைப் பற்றித் தவறாக நினைப்பீர்கள்.

பிறகு சதுப்புக்குள் போனோம். பலகையால் போட்ட ஒடுக்கமான நடைபாதை. இரண்டு பக்கமும் பச்சைப் பாசி, நடுவில் கறுத்த குட்டைகள். தூரத்தில் செம்மறியாடுகள் மேய்ந்தன. அண்ணை நின்றார். "சேத்துக்குள்ள நடக்குதுகள். சப்பாத்தும் தேவையில்லை" என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, என்ர சப்பாத்தும் தண்ணி விடாது. நில்லுங்கோ, காட்டுறன்" என்று சொல்லிப் பலகையை விட்டு இறங்கினேன்.

கம்பளம் மாதிரித் தெரிந்த பாசி கதவு மாதிரித் திறந்தது. வலது கால் முழங்காலுக்கு மேல் போய்விட்டது. அதை இழுக்க, இடது காலும் போனது. வழிகாட்டிப் பெண் அசைய வேண்டாம் என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அதற்குள் புகைச்சல் அண்ணை பலகையில் குப்புறப் படுத்து என் ஜாக்கெட் கழுத்தைப் பிடித்துவிட்டார். அவருடைய ஒரு கால் சறுக்கிச் சேற்றுக்குள் விழுந்தது. பிடியை விடவில்லை. மூச்சிரைக்க இழுத்தார். நான் வெளியே வந்தேன். ஒரு சப்பாத்து வரவில்லை.

ஆயிரம் வருடம் போனாலும் அது கெடாது என்று வழிகாட்டிப் பெண் ஆறுதல் சொன்னாள்.

சுகந்தி தொடங்கினாள். "உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான், பலகையால இறங்க வேண்டாமெண்டு? கண்ணென்ன பிடரியிலயே இருக்கு? உள்ளுக்க போயிருந்தா நான் என்ன செய்யிறது? பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது?" சொல்லிக்கொண்டே தன் சால்வையால் என் முகத்துச் சேற்றை அழுத்தித் துடைத்தாள். குரல் நடுவில் உடைந்தது. உடனே அதற்கும் சேர்த்து என்னை ஏசிப் பேசினாள்.

தலையைக் குனிந்திருந்த நான் தற்செயலாக நிமிர்ந்தேன். அண்ணை எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேலுதடு மடிந்திருந்தது. தலை மெல்ல ஆடியது.

"தம்பி, நீர் குடுத்து வைச்சனீர்."

"எதுக்கு அண்ணை? சப்பாத்தும் துலைஞ்சு போட்டுது."

"உப்பிடி நிண்டு பேச ஒரு ஆள் இருக்கே."

எத்தனையோ வருடமாகக் காத்திருந்த வார்த்தை. வாங்கி எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திரும்பும் ரயிலில் சுகந்தி எனக்காகக் கொண்டுவந்திருந்த காய்ந்த காலுறையைப் பையிலிருந்து எடுத்தாள். நான் கையை நீட்டினேன். அவள் பார்வை எதிர் இருக்கையில் இருந்த அண்ணையின் காலுக்குப் போனது. சப்பாத்துக்குள்ளிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அண்ணை, உங்களுக்குமே சொல்லித் தரவேணும்? ஈரத்தோட இவ்வளவு நேரம் இருக்கிறியள். காய்ச்சல் வந்தா ஆர் பாக்கிறது? கழட்டுங்கோ."

"பரவாயில்லைத் தங்கச்சி."

"என்ன பரவாயில்லை? இந்த வயசில உங்களுக்குப் பிடிவாதம் வேற."

அவருக்கு அந்தப் பேச்சுப் போதவில்லை போல. "ஏலாது தங்கச்சி, பிறகு பாப்பம்" என்றார். அவள் மீண்டும் பேசினாள். அவர் தலையைக் குனிந்து, ஒரு சொல்லும் சிந்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பேசும்போது அவள் குரலில் இத்தனை பக்குவம் இருந்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அவர் சப்பாத்தைக் கழற்ற, என் காலுறை அவர் கைக்குப் போனது. நான் வெறுங்காலோடு இருந்தேன்.

ஒஸ்னாப்ரூக் தாண்டியதும் அண்ணை நித்திரையாகிவிட்டார். கால்கள் என் பக்கத்து இருக்கைவரை நீண்டிருந்தன. அந்தக் காலுறை அவருக்குக் கொஞ்சம் பெரிது. ஒன்று கழன்று விரலில் தொங்கியது. சுகந்தி பார்க்காத நேரம் குனிந்து, அவர் விழிக்காதபடி, அதைக் குதிக்காலுக்கு மேலே இழுத்துவிட்டேன்.